அக்காவின் கழுத்து

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றாலே அக்காவுக்கு அழுகை வந்துவிடும். கிணற்றடியில் உட்காரவைத்து, காய்ந்த பீர்க்கங்காய் நாரில் பயத்தம்மாவைத் தொட்டு, அம்மா அவள் பிடரியைத் தேய்ப்பாள். கழுத்தைச் சுற்றி ஒரு கருப்பு வளையம். தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடித்திருக்கும். "அழுக்கு ஊறிப்போய்க் கிடக்கு பாரு, பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு சோம்பல் ஆகுமா" என்று அம்மா சொல்லிக்கொண்டே தேய்ப்பாள். தோல் கன்றிப்போகும், கருப்பு போகாது. 1966. அக்காவுக்கு 14 வயது, எனக்கு 9. ஊர், விருதுநகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்.

அந்தக் கருப்புக்கு 1890-லேயே மருத்துவத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். போலிட்சர், யானோவ்ஸ்கி என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் தனித்தனியாக அதை விவரித்திருந்தார்கள். நாரும் பயத்தம்மாவும் போக்கக்கூடிய அழுக்கு அது இல்லை என்று எங்கள் கிணற்றடிக்குச் சேதி வந்துசேர ஒரு நூற்றாண்டு ஆனது. அந்தச் சேதியின் ஒரு சிறு பகுதியைக் கொண்டுவந்தவளே நான்தான் என்பதால் இதை எழுதுகிறேன். 1981 முதல் 2015-இல் ஓய்வு பெறும்வரை, சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஹார்மோன் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தேன்.

இன்று 'நீர்க்கட்டி' என்றும் 'பிசிஓடி' என்றும் எல்லா வீட்டிலும் பேசுகிறார்கள். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகும், தாடையில் முடி முளைக்கும், உடம்பு போடும், பிள்ளை தங்காது. இதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இத்தாலியில் பாதுவா நகரத்துப் பேராசிரியர் வல்லிஸ்னேரியிடமிருந்து தொடங்குவார்கள். 1721-இல் அவர் ஒரு குடியானவப் பெண்ணைப் பற்றி எழுதினார். இளம் வயது, கல்யாணமானவள், சற்றுப் பருத்த உடம்பு, குழந்தை இல்லை. அவளுடைய சினைப்பைகள் வழக்கத்தைவிடப் பெரிதாக, மேடும் பள்ளமுமாக, வெளுத்து மினுமினுப்பாக, புறா முட்டை போல இருந்தன என்பது அவர் குறிப்பு. அவள் அப்பாவுக்கு என்ன நோய், அக்கா தங்கைகள் உண்டா என்று தெரிந்துகொள்ள எனக்கு எப்போதும் ஆசை. அன்றைக்கு அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. கண்ணுக்குத் தெரிந்தது முட்டை, அதைத்தான் எழுத முடியும்.

இந்த நோய் துண்டு துண்டாகத்தான் கண்ணில் பட்டது. தோல் மருத்துவர் கழுத்தைப் பார்த்தார். பிரசவ மருத்துவர் சினைப்பையைப் பார்த்தார். சர்க்கரை மருத்துவர் சிறுநீரைப் பார்த்தார். 1921-இல் பாரிஸில் அஷார், தியேர் என்ற இருவர் முதன்முதலாக இரண்டு துண்டுகளைச் சேர்த்து வைத்தார்கள். 'தாடி வைத்த பெண்களின் நீரிழிவு' என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்தப் பெயரை என்னால் இன்றும் நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் முடியும் சர்க்கரையும் ஒரே உடம்பில் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை என்று அவர்களுக்குப் பட்டதே, அதற்காக அவர்களை மதிக்கிறேன். அதே 1921-இன் கோடையில்தான் டொரோண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே கோடையில், ஜூலை மாதம், நியூயார்க்கில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளிடம் பிறகு வருகிறேன்.

சிகாகோவின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையில் இருந்த இர்விங் ஸ்டைனும் மைக்கேல் லெவந்தாலும் 1935-இல் ஏழு பெண்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் பெருத்த சினைப்பையின் நிழல் விழும். வயிற்றைத் திறந்து, ஒவ்வொரு சினைப்பையிலும் பாதிக்குமேல் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது. இருவர் கருவுற்றார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அதுதான் வைத்தியம், நோயின் பெயரும் அவர்கள் பெயரே. 1960-களில் குளோமிஃபீன் மாத்திரை வந்த பிறகும் கத்தி முழுதாக ஓயவில்லை.

அக்காவுக்கு 1972-இல் கல்யாணம் ஆனது. ஐந்து வருடம் பிள்ளை இல்லை. 1977-இல் அவளுக்கும் ஆப்பு வெட்டினார்கள். மூன்று மாதம் ஒழுங்காக வந்த தூரம், நான்காம் மாதம் நின்றுவிட்டது. வெட்டிய இடத்தில் உள்ளே ஒட்டிக்கொண்டு வயிற்றுவலி மட்டும் தங்கியது. இந்த அறுவையில் அப்படி ஒட்டிக்கொள்வது உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மாமியார் வீட்டில் என்ன பேசினார்கள் என்று எழுதப்போவதில்லை. அத்தானை மட்டும் சொல்லவேண்டும். அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

ஸ்டைனையும் லெவந்தாலையும் நான் குறை சொல்லவில்லை. எட்டிய இடத்தை வெட்டினார்கள். அவர்கள் பார்த்த 'கட்டி'களும் கட்டிகள் இல்லை. முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள் அவை. ஆனாலும் 'பல கட்டிகள் கொண்ட சினைப்பை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 2012-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு, இந்தப் பெயர் குழப்புகிறது, மாற்றுங்கள் என்றே சொன்னது. பெயரில் சினைப்பை இருப்பதால்தானே பழி முழுக்க மருமகளின் வயிற்றில் விழுகிறது.

இப்போது அந்த 1921 ஜூலைக் குழந்தையிடம் வருகிறேன். ரோசலின் யாலோ. இயற்பியல் படிக்க வேண்டும் என்று வந்தவளைச் சுருக்கெழுத்து கற்றுக்கொள்ளச் சொன்ன காலம். கற்றுக்கொண்டாள். 1941-இல் இல்லினாய் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் நுழைந்தபோது 400 ஆசிரியர்களிடையே ஒரே பெண். பிறகு பிராங்க்ஸில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில், துப்புரவுப் பணியாளர் சாமான் வைக்கும் அறையை ஆய்வகமாக்கிக்கொண்டாள். 1950-இல் சாலமன் பெர்சன் என்ற மருத்துவர் கூடச் சேர்ந்தார்.

இன்சுலினில் கதிரியக்க அயோடினை ஏற்றி நோயாளிகளுக்குச் செலுத்தி, எவ்வளவு நேரத்தில் ரத்தத்திலிருந்து மறைகிறது என்று பார்த்தார்கள். முன்பே மாட்டு இன்சுலின், பன்றி இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் அது சீக்கிரம் மறையவில்லை. உடம்பு அதற்கு எதிர்ப்பான் உண்டாக்கி, அந்த எதிர்ப்பான் அதைப் பிடித்துவைத்திருந்தது. இவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிர்ப்பான் உண்டாகாது என்று முதல் இதழ் கட்டுரையைத் திருப்பியது. இரண்டாவது இதழும் முதலில் மறுத்து, தலைப்பிலிருந்து 'ஆன்டிபாடி' என்ற சொல்லை எடுத்த பிறகே 1956-இல் வெளியிட்டது. அந்த எதிர்ப்பானையே தராசாக்கி, ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு என்று அளக்கும் முறையை 1960-இல் அவர்கள் விரிவாக எழுதினார்கள். காப்புரிமை கோரவில்லை. 1977-இல் யாலோவுக்கு நோபல் கிடைத்தபோது பெர்சன் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

அளந்ததும் தெரிந்தது எல்லோரையும் திகைக்கவைத்தது. நடுவயதில் சர்க்கரை வருகிறவர்களிடம் இன்சுலின் குறையவில்லை, பலரிடம் கூடுதலாகவே இருந்தது. இன்சுலின் கொடுத்தும் உடம்பு கேட்காத ஒரு வகை நீரிழிவு உண்டு என்று 1936-இலேயே லண்டனில் ஹிம்ஸ்வொர்த் எழுதியிருந்தார். அவர் கண்டதை இப்போது எண்ணாகவே எழுத முடிந்தது. கதவு கெட்டுப்போயிருக்கிறது, கணையம் இன்னும் பலமாகத் தட்டுகிறது. அதுதான் இன்சுலின் எதிர்ப்பு.

அந்தத் தராசுதான் என் கைக்கு வந்தது. மும்பையிலிருந்து அணுசக்தித் துறையின் கிட் வரும். அயோடின் 125. 60 நாளில் பாதி வீரியம் போய்விடும், ஆகவே நோயாளிகளைச் சேர்த்து ஒரே தடவையில் போடுவோம். சின்னக் குழாய்களில் நோயாளியின் சீரம், கதிரியக்கம் ஏற்றிய இன்சுலின், எதிர்ப்பான். இரண்டு இன்சுலினும் எதிர்ப்பானில் இடம் பிடிக்கப் போட்டி போடும். நோயாளியின் இன்சுலின் அதிகமானால் அளவுக்கருவியில் எண்ணிக்கை குறையும். இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் பிரித்து, ஊற்றி, எண்ணி, வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து அளவைப் படிக்கவேண்டும்.

1984-இல் அக்கா சென்னை வந்திருந்தாள். காலையில் வெறும் வயிற்றில் அவள் ரத்தத்தை எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையதையும் வைத்தேன். மறுநாள் அக்காவின் குழாயில் எண்ணிக்கை அவ்வளவு குறைவாக இருந்தது, பிப்பெட்டில் தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே எண். 38 மைக்ரோ யூனிட். அன்று அவள் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிய மருத்துவர், "சுகர் நார்மல்தானே, அப்புறம் என்ன" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான்கு வருடம் முன்பே, 1980-இல், டென்னசியின் மெம்பிஸ் நகரத்தில் பர்கன், கிவன்ஸ், கிட்டாப்சி மூவரும் இதையே அளந்து அச்சிலும் போட்டிருந்தார்கள். பருத்த உடம்பும் நீர்க்கட்டியும் உள்ள எட்டுப் பெண்கள், பருத்த உடம்பு மட்டும் உள்ள ஆறு பெண்கள். முதல் எட்டுப் பேரிடம் இன்சுலினும் கூடுதல், ஆண் ஹார்மோனும் கூடுதல், இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறின. பதினான்கே பேர். ஆனாலும் சினைப்பைக்கும் கணையத்துக்கும் நடுவில் இருந்த சுவரில் அதுதான் முதல் ஓட்டை. எனக்கு அந்தக் கட்டுரை 1991-இல்தான் கிடைத்தது. நூலகத்தில் நின்றபடியே படித்தேன்.

1989-இல் நியூயார்க்கில் ஆண்ட்ரியா டூனைஃப் அந்த ஓட்டையை வாசலாக்கினார். சோதனைக்கு வந்த பெண்ணுக்கு நரம்பு வழியே இன்சுலினும் ஏறும், சர்க்கரை நீரும் ஏறும். ரத்தச் சர்க்கரையை ஒரே மட்டத்தில் நிறுத்த எவ்வளவு சர்க்கரை நீர் விடவேண்டியிருக்கிறது என்பதே உடம்பு இன்சுலினைக் கேட்கிறதா என்பதற்கான அளவு. நீர்க்கட்டி உள்ள பெண்களில் ஒல்லியானவர்களிடமும் எதிர்ப்பு இருந்தது. பருமன் அதைக் கூட்டுகிறது, ஆனால் பருமன் இல்லாமலும் அது இருக்கிறது. 'தின்னு தின்னு வந்தது' என்ற பேச்சுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேறு கிடையாது.

எப்படி என்பதும் மெல்ல மெல்லத் தெளிந்தது. தசை இன்சுலினைக் கேட்காது. கணையம் இன்னும் சுரக்கும். ஆனால் சினைப்பையில் ஆண் ஹார்மோன் சுரக்கிற செல்களுக்குக் காது மந்தமில்லை, அவை அந்த மிகை இன்சுலினை முழுதாகக் கேட்டு மேலும் சுரக்கும். டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைத்துக்கொள்ளும். கட்டவிழ்ந்த ஹார்மோன் தாடைக்கும் மேலுதட்டுக்கும் போகும். கழுத்துத் தோலின் செல்களும் அதே மிகை இன்சுலினில் பெருகும். அம்மா பீர்க்கங்காய் நாரால் தேய்த்தது அதைத்தான்.

அப்படியானால் முதல் கதவைக் கெடுத்தது எது? இதற்கு ஒரு தடயம் 1976-லேயே கிடைத்திருந்தது. அமெரிக்காவில் பெதெஸ்டா நகரத்தில் கான், ஃப்ளையர் முதலானோர், கழுத்துக் கருமையும் கடுமையான இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்திருந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் இளம்பெண்களுக்கு முடி வளர்ச்சியும் நீர்க்கட்டியும் இருந்தன, கோளாறு செல்லின் கதவான இன்சுலின் ஏற்பியில் இருந்தது. 'ஏ வகை' என்றார்கள். ஏற்பியின் மரபணுவை 1985-இல் இரண்டு குழுக்கள் படித்து முடித்தன, 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1988-இல் அப்படிக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களிடம் அந்த மரபணுவில் எழுத்துப் பிழைகள் அகப்பட்டன. விடை கையில் வந்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் சாதாரண நீர்க்கட்டிப் பெண்களின் மரபணுவை எடுத்துப் பார்த்தால், பிழை இல்லை. ஏற்பி ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது.

குடும்பங்களைத் தேடிப் போனவர்களை எனக்குப் பிடிக்கும். 1993-இல் லண்டனில் ஒரு குழு, நீர்க்கட்டிப் பெண்களின் வீடுகளில் ஆண்களுக்கு இளவயதிலேயே வழுக்கை விழுகிறதா என்று பார்த்தது. 1998-இல் லெக்ரோவும் டூனைஃபும் 80 பெண்களின் 115 சகோதரிகளைப் பரிசோதித்தார்கள். 22 சதவீதம் பேருக்கு அதே நோய். இன்னொரு 24 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு கடிகாரம் போல வரும், ஆனால் ஆண் ஹார்மோன் கூடுதல். இதைப் படித்த அன்று நான் என் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 1984-இல் அக்காவுக்கு ஒப்பீடாக வைத்த என் சீரம். அதில் அளந்திருந்த டெஸ்டோஸ்டிரோன், உச்ச வரம்புக்கு மேலே. எனக்கு மாதவிலக்கு ஒருநாள் தப்பியதில்லை, இரண்டு பிள்ளைகள். கிட்டில் ஏதோ கோளாறு என்று எழுதிவைத்திருந்தேன். பதினான்கு வருடம் என்னை நானே 'நார்மல்' என்று நினைத்திருந்தேன். அந்த 24-இல் நான் ஒருத்தி.

2006-இல் நெதர்லாந்தில் இரட்டையர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே கரு இரண்டாய்ப் பிரிந்து பிறந்த சகோதரிகளிடையே இந்த நோயின் ஒற்றுமை 0.71, மற்ற இரட்டையரிடமும் சகோதரிகளிடமும் 0.38. வம்சத்தில் வருவதுதான் என்பதில் அதன்பின் எனக்குச் சந்தேகம் இல்லை. தந்தைமாரையும் அளந்தார்கள். நீர்க்கட்டிப் பெண்களின் அப்பாக்களிடம் தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை இவை சேர்ந்து வருவது அதிகம் என்று 2009-இல் தெரிந்தது.

பிறகுதான் மரபணுத் தொகுப்பு முழுவதையும் ஒரேயடியாகச் சலித்துப் பார்க்கும் காலம் வந்தது. முதலில் செய்தது சீனாவின் ஷான்டோங்கில் சென் ஸிஜியாங் என்ற பெண் மருத்துவரின் குழு. 2011-இல் நோயோடு தொடர்புள்ள மூன்று இடங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் இருப்பது 'தாடா' என்ற மரபணு. முதலில் அதைக் கண்டது தைராய்டுக் கட்டியில். பிறகு நடுவயதுச் சர்க்கரையோடும் அதற்குத் தொடர்பு என்று தெரிந்திருந்தது. இன்னொன்று 'டென்டி1ஏ', சினைப்பைச் செல்லில் ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது என்று பின்னால் காட்டினார்கள். 2012-இல் அதே குழு இன்னும் எட்டு இடங்களைச் சேர்த்தது. அந்த எட்டில் ஒன்று, 19-ஆம் குரோமோசோம், இன்சுலின் ஏற்பி.

பெதெஸ்டாவில் தொடங்கிய தடம் 36 வருடம் கழித்து அதே வாசலில் வந்து நின்றது. ஆனால் இந்தத் தடவை கதவு உடைந்திருக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான். தனியாக அது யாரையும் நோயாளியாக்காது. இப்படிப் பல சின்ன மாற்றங்கள் ஒரே பிள்ளையிடம் வந்து குவியவேண்டும். 2018-இல் ஐரோப்பிய வம்சத்துப் பெண்கள், நோயுள்ளவர்கள் 10,074 பேர், இல்லாதவர்கள் 1,03,164 பேர், இவர்களை ஒப்பிட்டதில் 14 இடங்கள் தேறின. இன்சுலினை ஏற்றும் மரபு மாற்றங்களும் பருமனைக் கூட்டும் மரபு மாற்றங்களும் இந்த நோய்க்குக் காரணமாகவே நிற்கின்றன என்று அந்தக் கணக்கு காட்டியது. ஆண்களின் வழுக்கையோடும் இதற்கு மரபுத் தொடர்பு உண்டு. லண்டன்காரர்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தது வீண்போகவில்லை. இவ்வளவு செய்தும், வம்சத்தில் வருவதில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்த இடங்களால் விளக்க முடியவில்லை.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தப் பெரிய சல்லடைகளில் விழுந்த ரத்தம் பெரும்பாலும் சீனப் பெண்களுடையதும் ஐரோப்பியப் பெண்களுடையதும். 2002-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், இலங்கையிலிருந்து சென்ற சந்திரிகா விஜேரத்னவும் உடனிருந்தவர்களும், அங்கே வாழும் தெற்காசியப் பெண்களையும் வெள்ளைக்காரப் பெண்களையும் ஒப்பிட்டார்கள். நம் பெண்களுக்கு நோய் இளவயதில் தொடங்குகிறது, இன்சுலின் எதிர்ப்பு கூடுதல், கழுத்துக் கருமையும் கூடுதல். என் ஆய்வக வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கழுத்தைப் பார்த்தே நான் அதைச் சொல்லியிருப்பேன். என் மகளும் அவர்களில் ஒருத்தி. 2001-இல் அவளுக்கு 15 வயது. வெனிசுவேலாவில் 1994-இல் இந்த நோய்க்கு முதலில் கொடுத்துப் பார்த்த சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினை அவளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவள் கழுத்தை யாரும் தேய்க்கவில்லை.

அக்காவுக்கு இப்போது 70 தாண்டிவிட்டது. 38 வயதில் சர்க்கரை வந்தது, ஊசி போட்டுக்கொள்கிறாள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, பழைய மாத காலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் எங்கள் வம்சத்தை வரைந்து காட்டினேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவர்களைக் கருப்படிக்கவேண்டும். அக்காவின் வட்டத்தை அடித்தேன். மகளுடையதை அடித்தேன். என்னுடையதைப் பாதி அடித்தேன். 26 வயதில் முன்னந்தலை வழுக்கையாகிப்போன அண்ணனின் சதுரத்தையும் பாதி. பென்சில் 41 வயதில் சர்க்கரை வந்த அப்பாவிடம் வந்து நின்றது.

"அப்பாவையுமா?" என்றாள்.

"ஆமாக்கா."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தச் சதுரத்தைக் கோடு தாண்டாமல் மெதுவாக அடிக்க ஆரம்பித்தாள்.